வார் ஆடுறவங்களும் சும்மா ஆடுறவங்களும் ஒரே கிளான்ல இருக்க முடியுமா?

நொய்யல் லீடர், திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கம். கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்ங்கிற மொபைல் கேம்ல, நாற்பது சொச்சம் பேர் இருக்கிற ஒரு தமிழ் கிளானுக்கு, அதாவது குழுவுக்கு, லீடரா இருக்கேன். பாதிப் பேர் ஒரே ஏரியா, ஒரே காலேஜ், ஒரே பனியன் கம்பெனின்னு முகம் தெரிஞ்சவங்க. மீதிப் பேர் கேம்லயே வந்து சேர்ந்து, இப்போ தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புற அளவுக்கு ஆயிட்டவங்க.

வார்னா ரெண்டு கிளான் மோதுறது: ஆளுக்கு ரெண்டு அட்டாக், எதிரியோட ஊரை, அதாவது பேஸை, உடைக்கிற அளவைப் பொறுத்து ஒரு அட்டாக்குக்கு மூணு ஸ்டார் வரைக்கும் கிடைக்கும். போன வாரத்து வார்ல ரெண்டு ஸ்டார் வித்தியாசத்துல தோத்தோம். வார் பதிவைத் திறந்து பார்த்தா நாலு அட்டாக் போடாமலே கிடக்கு. அந்த நாலுல ஒண்ணை எடுத்து நேரா அடிச்சிருந்தாலே கதை வேற. என் கோ-லீடர் தம்பிக்குக் கோபம் தாங்கல. உடனே கிளான் மெயில் தட்டிட்டான்: "இனிமே அட்டாக் மிஸ் பண்ணா கேள்வியே கிடையாது, கிக்."

மெயில் போன அரை மணி நேரத்துல ஒரு அண்ணன் கிளானை விட்டு வெளியே போயிட்டார். சாயப்பட்டறையில ஷிஃப்ட் பார்க்கிறவர். வார்ல அவர் பேர் எப்பவும் கடைசி அஞ்சுக்குள்ளதான் இருக்கும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு யாராவது சாட்ல படை கேட்டா நிரப்புறது அவர்தான். சீசன் முடிஞ்சு பார்த்தா டொனேஷன் வரிசையில முதல் மூணு பேருக்குள்ள நிற்பார். ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டார். எனக்கு அது ரொம்பக் கஷ்டமா இருக்கு.

தம்பி பக்கம் நியாயம் இல்லன்னும் சொல்ல மாட்டேன். அவனும் அவன் செட்டும் எதிரி பேஸை உட்கார்ந்து பார்த்து, எந்தப் பக்கம் இறங்கணும்னு வரைஞ்சு வச்சு, யூடியூப்ல அதே மாதிரி லேஅவுட் தேடி, அப்புறம்தான் அடிக்கிறாங்க. அப்படி அடிச்சு எடுத்த மூணு ஸ்டாரும் இன்னொருத்தர் ஆப்பைத் திறக்காததால வீணாப் போச்சுன்னா வயிறு எரியத்தானே செய்யும்?

சிலர் கிளானை ரெண்டாப் பிரிக்கச் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. இந்த ரெண்டு சாராரையும் ஒரே கூரைக்குள்ள வச்சு நடத்தினவங்க யாராவது இருந்தா, எப்படின்னு சொல்லுங்க.

வெள்ளக்கொடி எடுக்காதவன்

ப்ரோ, நான் உங்க கோ-லீடர் கட்சி. ஒரு அட்டாக் எவ்வளவு நேரம்? மூணு நிமிஷம். பேட்டில் டே எவ்வளவு நேரம்? 24 மணி நேரம். ஒரு நாள்ல ரெண்டு அட்டாக்குக்கு ஆறு நிமிஷம் ஒதுக்க முடியாதவங்க எதுக்கு வார்ல நிக்கணும்? அவர் இடத்துல வெளியே உட்கார்ந்திருக்கிற இன்னொருத்தன் ஆடியிருப்பான்.

டொனேஷன் பெரிய விஷயம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா 15 பேர் வார்ல ரெண்டு பேர் வரலன்னா மத்த 13 பேரோட உழைப்பும் போகுது. அந்த 13 பேரோட வருத்தத்தை யாரும் கேட்கிறதே இல்ல.

நைட் டியூட்டி அக்கா, திருச்சி

மேலே எழுதின தம்பிக்கு. மூணு நிமிஷம்ங்கிறது உண்மை. ஆனா அந்த மூணு நிமிஷம் எப்போ கையில வரும்னு எங்களுக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரியில நர்ஸ். டியூட்டியில போன் லாக்கர்ல இருக்கும். காலையில வீட்டுக்கு வந்தா பையனை ஸ்கூலுக்குக் கிளப்பணும். அப்புறம் படுத்தா எழுந்திருக்கும்போது வார் முடிஞ்சிருக்கும்.

இதெல்லாம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை யாரும் வெளியே சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். பயம். வார்ல நாம அடிக்கிறதை மொத்த கிளானும் ரீப்ளே போட்டுப் பார்க்கும். போன கிளான்ல ஒரு தடவை ஒரு ஸ்டார்தான் எடுத்தேன். பேஸோட முக்கியக் கட்டடமான டவுன் ஹாலை உடைக்க முடியல. கீழே சாட்ல, "யார் இந்த ஆளை வார்ல போட்டது?" அவங்களுக்கு நான் பொம்பளைன்னோ, நாற்பது வயசுக்காரின்னோ தெரியாது. தெரிஞ்சிருந்தா இன்னும் நாலு சேர்த்துப் பேசியிருப்பாங்க. அடுத்த வார்ல மறுபடி என் பேரைப் போட்டாங்க. அன்னிக்கு எனக்கு நேரம் இருந்தது, நான் அடிக்கல. அடிக்காம விட்டா "மறந்துட்டேன், சாரி"ன்னு போயிடலாம். மோசமா அடிச்சா ரீப்ளே நிக்கும்.

உங்க சாயப்பட்டறை அண்ணனும் இப்படித்தானான்னு தெரியாது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குப் படை கொடுக்க முடியிற மனுஷனுக்கு மூணு நிமிஷம் கிடைக்காம இருக்காது. அவர்கிட்ட தனியாக் கேட்டுப் பாருங்க லீடர்.

கூடல்நகர் பெரியவர், மதுரை

லீடர் தம்பிக்கு வணக்கம். 2014 ஏப்ரல்ல இந்த கேம்ல கிளான் வார் வந்த காலத்துல இருந்து கிளான் நடத்துறேன். என் கிளான்ல பேங்க் மேனேஜர், ஆட்டோ ஓட்டுற தம்பி, பிளஸ் டூ பையன், ரிடையர்டு வாத்தியார் எல்லாரும் இருக்காங்க. ஒரே கூரைதான். பிரிக்கல. பிரிக்கிறதை நான் ஒத்துக்கவும் மாட்டேன், அதை அப்புறம் சொல்றேன்.

மொதல்ல ஒரு சின்ன விஷயம். ஒவ்வொருத்தர் ப்ரொஃபைல்லயும் வார் ஷீல்டு இருக்கு, பச்சை, சிவப்பு. அது வெறும் அடையாளம்தான். சிவப்புல இருக்கிறவரையும் லீடர் வார்ல இழுத்துப் போட முடியும். பத்துக்கு எட்டு சண்டை இங்கேதான் ஆரம்பிக்குது. 15 பேர் வேணும், பச்சையில 12 பேர்தான் இருக்காங்க, "சும்மா மூணு பேரைச் சேர்த்துக்குவோம்"னு கோ-லீடர் கை வைப்பான். அந்த மூணு பேர் அடிக்க மாட்டாங்க. அடிப்பேன்னு அவங்க சொல்லவே இல்லையே! 30 பேர் வரைக்கும் வார் அளவு அஞ்சு அஞ்சாத்தான் ஏறும். பச்சையில 12 பேர்னா 10 பேர் வார் போடுங்க. மீதி ரெண்டு பேருக்கு அடுத்த வார்ல முதல் இடம். சிவப்பைத் தொடாதீங்க. என் கிளான்ல இதை மீறின கோ-லீடரை எல்டராக் கீழே இறக்கியிருக்கேன், அவன் எனக்குச் சொந்த மச்சினன்.

வெள்ளக்கொடி தம்பிக்கும் இதுல பதில் இருக்கு. பச்சையை வச்சுட்டு வராதவனைக் கேளுங்க, நல்லாக் கேளுங்க. அவன் வாக்குக் கொடுத்திருக்கான். சிவப்பு வச்சவனைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்ல.

அடுத்தது மாசா மாசம் வர்ற கிளான் வார் லீக். இங்கேதான் ரெண்டு சாராரும் முட்டிக்குவாங்க, ஏன்னா அதுல பரிசா மெடல் இருக்கு. 8 கிளான், 7 நாள், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு அட்டாக். நிறைய லீடருங்க 15 பேரை எழுதிட்டு ஏழு நாளும் அதே 15 பேரை இறக்குவாங்க. நான் 20 பேரை எழுதுவேன். தினமும் ப்ரெபரேஷன் நேரத்துல யார் இறங்கறதுன்னு மாத்திக்கலாம். 15 இடம், 7 நாள், மொத்தம் 105 இடம். 20 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு அஞ்சு நாள் வந்துடும். ஒருத்தர் 8 ஸ்டார் சேர்த்துட்டா அவருக்கு முழு மெடல். அதாவது நாலே நாள் இறங்கி ரெண்டு ரெண்டு ஸ்டார் எடுத்தாப் போதும். மூணு மூணா எடுக்கிற கெட்டிக்காரன் மூணு நாள்லயே முடிச்சுடுவான். அப்போ சாயப்பட்டறை அண்ணனுக்கு எந்த ஷிஃப்ட் இல்லையோ அந்த நாள்ல இறக்குங்க. முதல் தேதிக்கு முன்னாடியே அவரைக் கேட்டு எழுதி வச்சுக்கணும், அவ்வளவுதான் வேலை.

போனஸ் மெடல்தான் பெரிய வம்பு. எத்தனை வார் ஜெயிச்சோம், எந்த லீக்ல இருக்கோம்ங்கிறதைப் பொறுத்து லீடர் சிலருக்குக் கூடுதல் மெடல் கொடுக்கலாம். கைக்கு வந்தவங்களுக்குக் கொடுத்தா கிளான் உடையும். யாருக்குன்னு லீக் தொடங்கறதுக்கு முன்னாடி மெயில்ல போட்டுடுங்க. நான் அதிக ஸ்டார் எடுத்தவங்களுக்குப் பாதி, தன்னைவிட மேல் லெவல்ல இருக்கிற டவுன் ஹாலை அடிச்சு ரெண்டு ஸ்டாராவது எடுத்தவங்களுக்குப் பாதி கொடுப்பேன். இந்த ரெண்டாவது பங்கு வந்த பிறகு டவுன் ஹால் லெவல் 11, 12-ல இருக்கிறவங்க லீக் எப்போ வரும்னு அவங்களாவே கேட்க ஆரம்பிச்சாங்க.

இப்போ நர்ஸ் அம்மா சொன்ன பயம். இந்தத் திரியிலேயே பெரிய வார்த்தை அதுதான். முன்னாடி படை ட்ரெயின் ஆகக் காத்திருக்கணும், அது ஒரு சாக்கா இருந்தது. 2025 மார்ச்ல அந்த ட்ரெயினிங் நேரத்தையே எடுத்துட்டாங்க. இப்போ அட்டாக் முடிஞ்ச உடனே அடுத்த படை ரெடி. அப்படியும் ஒருத்தர் அடிக்கலன்னா, ஒண்ணு வேலை, இல்ல பயம். வேலைக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது. பயத்துக்குப் பண்ணலாம்.

சாட்ல ஃப்ரெண்ட்லி சேலஞ்ச் (கிளான் ஆளுங்களுக்குள்ள பழகிப் பார்க்கிற சண்டை) இருக்குல்ல, அதைத்தான் நான் பள்ளிக்கூடமா வச்சிருக்கேன். படை குறையாது, கோப்பை குறையாது, எத்தனை தடவை வேணா அடிக்கலாம். எங்க ரிடையர்டு வாத்தியார் முன்னாடி வார்ல இறங்கவே மாட்டார். அவருக்கு பிளஸ் டூ பையன் சொல்லிக் கொடுத்ததை அப்படியே எழுதறேன், யாருக்காவது உதவும்.

டிராகன் மட்டும் போதும்யான்னான். எதிரி பேஸைத் திறந்ததும் தேட வேண்டியது ரெண்டே பொருள். பறக்கிற படையைச் சுடற ஏர் டிஃபென்ஸ் எங்கெங்கே இருக்கு, காத்தடிச்சு அதைப் பின்னாடி தள்ளற ஏர் ஸ்வீப்பர் எந்தப் பக்கம் பார்த்து ஊதுது. ஸ்வீப்பருக்கு முதுகுப் பக்கமா இறங்கணும். எதிர்ப் பக்கம் இறங்கினா டிராகன் நகரவே நகராது. லைட்னிங் ஸ்பெல்லை (மின்னல் மந்திரம்) எல்லாம் சேர்த்து ஒரு ஏர் டிஃபென்ஸ் மேல போட்டு முதல்லயே தூக்கிடணும், ரெண்டு பக்கத்துப் பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது. அப்புறம் அவசரப்படக் கூடாது. இடது மூலையில ஒரு டிராகன், வலது மூலையில ஒரு டிராகன். அவ்வளவுதான், கையை எடு. அது ரெண்டும் ஓரத்துக் கட்டடங்களை உடைக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இரு. பத்து செகண்ட் ஆகும். ஓரம் சுத்தமானாத்தான் நடுவுல விடற கூட்டம் பேஸைச் சுத்திக்கிட்டு வெளியே போகாம டவுன் ஹாலைப் பார்த்து உள்ளே போகும். நடுப் பகுதியை நெருங்கும்போது படைக்கு வேகமும் பலமும் கூட்டற ரேஜ் ஸ்பெல் ஒண்ணு.

வாத்தியாருக்கு வராதது அந்தப் பத்து செகண்ட்தான். முதல் டிராகன் போட்ட கையோட மொத்தத்தையும் கொட்டிடுவார். பையன் தன் பேஸையே சேலஞ்ச்ல போட்டு, "சார், கையை எடுங்க, எண்ணுங்க"ன்னு சாட்ல எழுதிக்கிட்டே இருப்பான். வகுப்புல அவனை மாதிரிப் பசங்களை எண்ண வச்ச மனுஷன் அவர்! இப்போ வாத்தியார் வார்ல ஷீல்டைப் பச்சையில வச்சிருக்கார். ரெண்டு ஸ்டார் நிச்சயம். மூணு எடுத்தா அன்னிக்கு சாட் களைகட்டும். முக்கியமா, அந்தப் பையன் இப்போ யாரையும் திட்டறது இல்ல. தான் சொல்லிக் கொடுத்த ஆள் ஒரு ஸ்டார் எடுத்தா எங்கே தப்பாச்சுன்னு அவனே ரீப்ளேயை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான். எங்க கிளான்ல ரெண்டு சாராரும் ஒட்டினது இந்த இடத்துலதான். நல்லா ஆடத் தெரிஞ்சவனுக்கு, அடிக்கிற வேலையோட ஒரு ஆளைத் தேத்துற வேலையும் கொடுங்க. எல்டர் பதவியை நான் டொனேஷன் பார்த்துக் கொடுக்கிறதை விட்டுட்டு, யாரையாவது தேத்தினவங்களுக்குக் கொடுக்கிறேன்.

சரி, ஏன் பிரிக்கக் கூடாது? கிளான்ல எல்லாரும் சேர்ந்து பாயிண்ட் சேர்க்கிற கிளான் கேம்ஸை எடுத்துக்குங்க. சாதாரணமா ஒருத்தர் 4,000 பாயிண்டுக்கு மேல எடுக்க முடியாது. கடைசி பரிசுக்கு 50,000 வேணும். 12 பேர் உயிரைக் கொடுத்து முழுசா முடிச்சாலும் 48,000. பதிமூணாவது ஆள் எங்கிருந்தாவது வந்தாகணும். கெட்டிக்காரங்க பத்துப் பேர் தனியாப் போய் எவ்வளவு நல்லா ஆடினாலும் அந்த எண்ணைத் தொட முடியாது. கிளான் ஒண்ணாச் சேர்ந்து எதிரி கிளானோட பெரிய ஊரைப் பகுதி பகுதியா (டிஸ்ட்ரிக்ட்) உடைக்கிற கேப்பிட்டல் ரெய்டும் அப்படித்தான். வெள்ளி மதியத்துல இருந்து திங்கள் மதியம் வரைக்கும் ஓடும், ஆளுக்கு அஞ்சு அட்டாக், ஒரு டிஸ்ட்ரிக்டை முடிச்சு வச்சா ஆறாவது ஒண்ணு. அங்கே தலை எண்ணிக்கைதான் பலம். பாதி உடைச்சு வச்சதை அடுத்தவர் வந்து முடிக்கலாம். பயந்தவங்களை அங்கே முதல்ல இறக்குங்க, யாரும் ரீப்ளே பார்த்து வையறது இல்ல.

பிரிச்ச கிளான்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். ரெண்டாவது கிளான்ல படை கேட்டாக் கொடுக்க ஆள் இருக்காது, லீடர் எட்டிப் பார்க்க மாட்டார், ரெண்டு மூணு மாசத்துல சாட் செத்துடும். கெட்டிக்காரங்க கிளான்ல ஒருத்தனுக்குப் பரீட்சை, ஒருத்தனுக்குக் கல்யாணம்னா பதிலுக்கு இறக்க ஆளே இல்ல. அவனுங்க பேசாம இன்னொரு கிளானுக்குத் தாவிடுவானுங்க.

தூங்கா விளக்கு, பெங்களூரு

பெரியவர் ஐயா எழுதினதைப் படிச்சதும் எழுதணும்னு தோணிச்சு. நான் மொபைல் கேம் ஆடறது இல்ல, பிசியில வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டும் ஃபைனல் ஃபேன்டசி 14-ம் ஆடறவன். இதே சண்டை அங்கே இருபது வருஷமா நடக்குது.

2006-ல வார்கிராஃப்ட்ல நாக்ஸ்ராமஸ்னு ஒரு ரெய்டு, அதாவது கூட்டமாப் போய் அடிக்கிற பெரிய சண்டை, வந்தது. 40 பேர் ஒரே நேரத்துல ஒண்ணாக் கூடணும். ராத்திரி ராத்திரியா உட்கார முடிஞ்ச கில்டுக்குத்தான் (அங்கே கிளானுக்கு அதான் பேர்) அது. காசு கட்டி ஆடினவங்கள்ல ரொம்பப் பேர் அதோட உள்பக்கத்தைப் பார்க்கவே இல்ல. 2008-ல அதே நாக்ஸ்ராமஸைத் திரும்பத் திறந்தாங்க, 10 பேரும் போகலாம், 25 பேரும் போகலாம்னு. பழைய ஆளுங்க கத்தினாங்க, நாங்க கஷ்டப்பட்டதுக்கு மதிப்பு இல்லையான்னு. அப்புறம் 2011 கடைசியில, முன்பின் தெரியாதவங்களை கேமே கூட்டிச் சேர்த்து ரெய்டுக்கு அனுப்புற வசதி வந்தது. எல்லாரும் கதையோட முடிவைப் பார்த்தாங்க. ஆனா ஒருத்தரோட பேர்கூட இன்னொருத்தருக்குத் தெரியாது. முடிஞ்சதும் கலைஞ்சு போயிடுவாங்க. கதவு திறந்தது, உறவு வரல. என் கணிப்பு இதுதான்: கஷ்டத்தைக் குறைச்சா மட்டும் ரெண்டு பேரும் சேர மாட்டாங்க.

ஃபைனல் ஃபேன்டசி 14 வேற வழியில போச்சு. பெரிய லெவல் ஆள் பழைய டன்ஜனுக்குள்ள (சின்னக் கூட்டமாப் போய்ச் சண்டை போடற இடம்) போனா அவர் லெவலும் அந்த இடத்துக்கு ஏத்த மாதிரி இறங்கிடும். தினமும் அப்படிப் போறதுக்குப் பரிசு உண்டு. கூட்டத்துல ஒருத்தர் அந்த இடத்துக்கு முதல் தடவையா வந்திருந்தா, முடிச்சதும் மத்த எல்லாருக்கும் கூடுதல் வெகுமதி. அதனால உள்ளே நுழைஞ்சதும் "புதுசா ஒருத்தர் வந்திருக்கார்"னு திரையில வரும்போது பழைய ஆளுங்க சந்தோஷப்படுவாங்க. பாஸ் எங்கே குதிக்கும், எங்கே நிக்கக் கூடாதுன்னு ரெண்டு வரி தட்டுவாங்க. அதே கேம்ல அல்டிமேட்னு கொடூரமான சண்டையும் இருக்கு, 8 பேர் வாரக்கணக்கா முட்டி மோதுவாங்க. அதை யாரும் எளிசாக்கச் சொல்லல. காலையில அல்டிமேட் பழகின ஆள்தான் சாயங்காலம் புதுசா வந்தவருக்கு வழி காட்டறார். ஐயா எல்டர் பதவியைக் கொடுக்கிற விதமும் இதேதான்னு எனக்குப் படுது.

வெள்ளக்கொடி எடுக்காதவன்

பெரியவரே, ஷீல்டு விஷயம் ஒத்துக்கிறேன், அது நியாயம். ஆனா லீக்ல 20 பேரைச் சுத்தி விட்டா ப்ரமோஷன் போயிடும். மேல் லீக்ல எதிரி 15 பேரும் மேக்ஸ் லெவல். அங்கே டவுன் ஹால் 11 என்ன பண்ணுவார்? எனக்கு மேலே போகணும். அந்த ஆசை தப்பா?

கூடல்நகர் பெரியவர், மதுரை

ஆசை தப்பே இல்ல தம்பி. நீ சொல்றதும் நிஜம், ஒரு லீக் குறையலாம், எங்களுக்குக் குறைஞ்சிருக்கு. அதுக்கு நான் பண்றது ஒண்ணு. முதல் அஞ்சு நாள் எல்லாரையும் சுத்தி விடுவேன். ஆறாம் நாள் பட்டியல்ல எங்க இடத்தைப் பார்ப்பேன். ப்ரமோஷனுக்கு வாய்ப்பு இருந்தா கடைசி ரெண்டு நாளும் பலமான 15 பேர்தான். இதையும் முன்னாடியே மெயில்ல சொல்லியிருப்பேன், அதனால உட்கார வச்சவங்க முகம் சுளிக்கிறது இல்ல. அவங்களுக்கு அதுக்குள்ள நாலு நாள் கிடைச்சிருக்கும்.

அதுக்கும் மேல போகணும், ஏழு நாளும் மேக்ஸ் ஆளுங்கதான் வேணும்னா, உனக்குச் சரியான இடம் அந்த மாதிரிக் கிளான்தான். சந்தோஷமாப் போயிட்டு வா. எங்க கிளான்ல அப்படி லீக் வாரத்துக்கு மட்டும் வேற கிளானுக்குப் போயிட்டுத் திரும்பி வர்ற பசங்க ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களை நான் தடுக்கல.

நைட் டியூட்டி அக்கா, திருச்சி

பெரியவர் ஐயா, அந்த டிராகன் பாடத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டேன். ஒரு கேள்வி. ஏர் ஸ்வீப்பர் ரெண்டு இருந்து, ரெண்டும் எதிரும் புதிருமாத் திரும்பி இருந்தா எந்தப் பக்கம் இறங்கறது?

கூடல்நகர் பெரியவர், மதுரை

ரெண்டும் பார்க்காத பக்கவாட்டுல இறங்குங்கம்மா. அங்கே ஏர் டிஃபென்ஸ் நெருக்கமா இருந்தா லைட்னிங்கை அந்தப் பக்கத்து ஏர் டிஃபென்ஸுக்கே செலவு பண்ணுங்க. சந்தேகம் வந்தா பேஸ் படத்தை இங்கேயே போடுங்க, பையனை விட்டு வரைஞ்சு தரச் சொல்றேன்.

நொய்யல் லீடர், திருப்பூர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி அந்த அண்ணனுக்கு போன் பண்ணேன். அக்கா சொன்னது அப்படியே சரி. வார்ல அவர் பேர் வந்தாலே கை நடுங்கும்னார். அவர் ஷீல்டு சிவப்புலதான் இருந்திருக்கு, ஆள் பத்தலன்னு நாங்கதான் இழுத்துப் போட்டிருக்கோம். கோ-லீடர் தம்பியையும் அதே கால்ல சேர்த்தேன். அவன் மெயிலுக்காக வருத்தம் சொன்னான். அண்ணன், "விடுப்பா, நீ எனக்கு அந்த எலெக்ட்ரோ டிராகன் அட்டாக்கைச் சொல்லிக் கொடு, போதும்"னுட்டார். இன்னிக்குக் காலையில திரும்பச் சேர்ந்துட்டார். சேர்ந்ததும் முதல் வேலையா சாட்ல கிடந்த மூணு ரிக்வெஸ்ட்டுக்குப் படை கொடுத்தார்.

இந்த மாச லீக்குக்கு 20 பேரை எழுதப் போறேன். யாருக்கு எந்தெந்த நாள் ஷிஃப்ட் இல்லன்னு கேட்டு வாட்ஸ்அப்ல ஒரு போல் போட்டிருக்கேன், இதுவரைக்கும் 14 பேர் பதில் சொல்லியிருக்காங்க. போனஸ் விதியை மட்டும் இன்னும் முடிவு பண்ணல. பெரியவர் சொன்ன பாதிக்குப் பாதியைத் தம்பி ஒத்துக்க மாட்டேங்கிறான், மூணுல ரெண்டு பங்கு ஸ்டாருக்குத்தான் வேணும்ங்கிறான். வேற யாராவது இதுல என்ன அளவு வச்சிருக்கீங்க?